எடைக்கு எடை அரிசி

பரிமளத்திடம் எதைப் பற்றி வேண்டுமானாலும் பேசலாம். அவள் மகள் சீதாவின் சாப்பாட்டைப் பற்றி மட்டும் வாயைத் திறக்கக் கூடாது. திறந்தால் தொலைந்தோம். "ஒங்க வீட்டுல புள்ள செத்துருக்கா?" என்று ஒரே கேள்வியில் எதிரில் இருப்பவரின் வாயை அடைத்துவிடுவாள்.

அவள் வீட்டில் செத்திருந்தது. மலைநாட்டில் கலஹா ஊருக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில், தலைச்சன் பையன் ஒன்றரை வயதில் போய்விட்டான். வயிற்றோட்டம். உடம்பில் தெம்பு இருந்திருந்தால் தாங்கியிருப்பான் என்று மிட்வைப் அம்மா சொன்னாள். மாதாமாதம், கொழுந்து பறிக்கப் போகிறவர்கள் பிள்ளைகளை விட்டுப்போகும் பிள்ளைக் காம்பராவில் குழந்தைகளைத் தராசுக் கொக்கியில் தொங்கவிட்டு நிறுத்து, அட்டையில் புள்ளி வைப்பார்கள். அவன் புள்ளி கடைசிவரை சிவப்பிலேயே கிடந்தது. கொழுந்து நிறுக்கும்போது ஒரு கிலோ குறைந்தால் கணக்கப்பிள்ளையோடு மல்லுக்கு நிற்கத் தெரிந்தவளுக்கு, பிள்ளையின் எடை குறைந்தபோது யாரோடு மல்லுக்கு நிற்பதென்று தெரியவில்லை.

அடுத்துப் பிறந்த சீதாவின் புள்ளியும் சிவப்பில்தான் தொடங்கியது. கிளினிக்கில் கொடுத்த திரிபோஷா சத்துமாவை உருண்டை பிடித்து ஊட்டினாள், பிள்ளை துப்பியது. மூன்று வயதில் கடும் காய்ச்சல் கண்டபோது பரிமளம் ஈரச் சேலையோடு தோட்டத்து மாரியம்மன் முன்னால் விழுந்தாள். "இவளக் காப்பாத்திக் குடு தாயே. வளந்து பெரியவளானதும் ஒன் வாசல்ல தராசுத் தட்டுல ஒக்கார வச்சு, எடைக்கு எடை அரிசி கொட்டுறேன்" என்று நேர்ந்துகொண்டாள். பிள்ளை பிழைத்துவிட்டது.

சீதாவுக்கு எட்டு வயதானபோது அவர்கள் கண்டிக்கு வந்தார்கள். தகப்பன் வீரய்யாவுக்கு டவுனில் ஒரு இரும்புக் கடையில் சாமான் ஏற்றி இறக்கும் வேலை. பரிமளத்துக்குப் பல்லேகலயில் ஆடைத் தொழிற்சாலை. குடியிருக்க அம்பிட்டியவில் இரண்டு அறை. தோட்டத்தில் சீதா பள்ளிக்கூடத்துக்கு மேடும் பள்ளமுமாக இரண்டு மைல் நடந்தவள். வந்து புத்தகத்தைப் போட்டதும் விறகுக்கு ஓடுவாள், மலையிலிருந்து விழும் பீலித் தண்ணீருக்கு ஓடுவாள். காலையில் ரொட்டியும் சம்பலும், இராத்திரியில் சோறும் கீரையும். டவுனில் பள்ளிக்கூட வேன் வாசலுக்கே வந்தது, தண்ணீர் குழாயில் வந்தது. "என் புள்ள நடந்தது போதும்" என்றாள் பரிமளம்.

விடியற்காலை பஸ்ஸுக்கு ஓடுகிறவளுக்குச் சமைக்க எங்கே நேரம்? காலையில் கடைப் பாணும் மாஜரினும், இடைவேளைக்கு ரோல்ஸ், பின்னேரம் நூடில்ஸ் பக்கெட், பிஸ்கட், சோடா. சீதா பெரியவளான பிறகு காவலும் சேர்ந்துகொண்டது. டவுனில் யாரை நம்பிப் பெண் பிள்ளையை வெளியே விடுவது? வேன் இறக்கிவிட்டதும் உள்ளே போய்க் கதவைப் பூட்டிக்கொள்ள வேண்டும். தாய் வரும்வரை திறக்கக் கூடாது. இரண்டு மணியிலிருந்து ஏழு மணிவரை அந்தப் பிள்ளைக்கு டீவியும் அலுமாரியில் இருந்த தின்பண்டமும்தான் துணை. சும்மா உட்கார்ந்திருக்கிறவளின் வாய் சும்மா இருக்குமா?

சதை போட்டது. வருடத்துக்கு இரண்டு தடவை பள்ளிச் சட்டை தைக்க வேண்டி வந்தது. பரிமளத்துக்குப் பூரிப்புத் தாங்கவில்லை. ஒவ்வொரு வருடமும் தோட்டத்துத் திருவிழா வரும்போது வீரய்யா நேர்த்தியை ஞாபகப்படுத்துவான். "இன்னும் கொஞ்சம் தேறட்டுமே. அம்மனுக்குக் கொறச்சா குடுக்கிறது?" என்று அவள் தள்ளிப் போடுவாள். அவளைக் குறை சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை. எடை குறைந்து பிள்ளை போனதைக் கண்ணால் பார்த்தவளிடம், எடை கூடினாலும் கெடுதல் என்று யார் போய்ச் சொல்வது?

பள்ளிக்கூடத்துக்குப் பரிசோதிக்க வந்த டொக்டர் சொல்லத்தான் பார்த்தார். சீதாவுக்கு அப்போது பதினைந்து வயது, எண்பத்தொரு கிலோ. ஆஸ்பத்திரியின் செவ்வாய்க்கிழமை கிளினிக்குக்குத் தாயைக் கூட்டி வரும்படி கடிதம் எழுதிக் கொடுத்தார். அன்று பின்னேரம் தாய் சந்தோஷமாக இரண்டு ஐம்பது கிலோ அரிசி மூட்டைகளைக் காட்டி, இந்த வருடம் நேர்த்தியைச் செய்துவிடலாம் என்றாள். சீதா கடிதத்தைப் பைக்குள் திணித்துக்கொண்டாள்.

திருவிழாவன்று அரிசி வேனில் முன்னால் போய்விட, மூன்று பேரும் கலஹா பஸ்ஸில் போய் இறங்கி, தோட்டத்துக்கு மேடேறி நடந்தார்கள். ஒரு காலத்தில் சீதா ஓடி இறங்கிய பாதைதான். இப்போது மூன்று இடத்தில் உட்கார்ந்தாள். மூச்சு விசில் மாதிரிக் கேட்டது. பரிமளத்துக்கு மனதில் என்னவோ குத்தியது. பழக்கம் விட்டுப்போச்சு, வேறொன்றுமில்லை என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

கோயில் வாசலில் பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். "டவுன் தண்ணி ஒத்துக்கிருச்சு பரிமளம், புள்ள நல்லா பூசினாப்புல இருக்கா." பரிமளம் மனம் குளிர்ந்துபோனாள். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் சீதாவோடு படித்த பிள்ளைகள் தூணுக்குப் பின்னால் நின்று வாயைப் பொத்திச் சிரித்ததை அவள் கவனிக்கவில்லை. சீதா கவனித்தாள். கோயில் தலைவர் செல்லப்பா மரக்கிளையில் தராசைக் கட்டிவிட்டு, மைக்கில் சீதாவைக் கூப்பிட்டார். அவள் அசையவில்லை.

"நான் ஒக்கார மாட்டேன்."

"அம்மனுக்குக் குடுத்த வாக்குடி, வெளையாடாத."

"எத்தன கிலோன்னு மைக்ல சொல்லுவாங்க."

"சொல்லட்டுமே! அதுக்குத்தானே இம்புட்டு வருசம் பாடுபட்டேன்."

சீதா கையோடு கொண்டுவந்திருந்த டொக்டரின் கடிதத்தை எடுத்து நீட்டினாள். அழுகையோடு பேசினாள். "ரத்தத்துல சீனி பாக்கணுமாம்மா. இப்பிடியே போனா இந்த வயசுலயே சீனி வருத்தம் வந்துருமாம். ஒன்னக் கூட்டிட்டு வரச் சொன்னாங்க. சொல்லப் பயமா இருந்துச்சு."

பரிமளத்துக்கு முதலில் வந்தது ஆத்திரம். கை ஓங்கியேவிட்டாள். ஓங்கிய கையைத் தன் நெஞ்சிலேயே வைத்துக்கொண்டு சன்னிதியைப் பார்த்தாள். "கொறஞ்சாலும் எடுப்பே, கூடினாலும் எடுப்பியா? நான் என்னதான் செய்ய?" என்று சத்தமாகவே கேட்டாள். மேளக்காரர்கள் வாசிப்பதை நிறுத்திவிட்டார்கள். பிள்ளைக் காம்பராவின் வாசலில் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற அதே பயம், அத்தனை வருடம் கழித்து, அவளிடம் திரும்பி வந்திருந்தது.

பிறகு அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு செல்லப்பாவிடம் போனாள்.

"புள்ளைக்குப் பதிலா பெத்தவ ஒக்காந்தா ஆகுமா அண்ணே?"

செல்லப்பா யோசித்தார். "அம்மனும் பெத்தவதானே. ஒக்காரு."

பரிமளம் தட்டில் ஏறிச் சம்மணமிட்டாள். எதிர்த் தட்டில் வீரய்யா அரிசியைக் கொட்டினான். முதல் மூட்டையிலேயே முக்கால்வாசிதான் போயிருக்கும், அவள் தட்டு மேலே எழும்பிவிட்டது. முப்பத்தெட்டு கிலோ. இரண்டாவது மூட்டையின் வாய்க்கட்டை அவிழ்க்கவே வேண்டி வரவில்லை. "என்னடி, டவுன்ல ஒனக்குச் சோறு போட ஆளில்லையா?" என்று யாரோ கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். பரிமளமும் சிரித்துச் சமாளிக்கப் பார்த்தாள்.

சீதா சிரிக்கவில்லை. கிட்டே வந்து, ஆடிக்கொண்டிருந்த தட்டின் கயிற்றைப் பிடித்து நிறுத்தினாள்.

"நீ ஒக்காந்து சாப்பிட்டு நான் பாத்ததே இல்லம்மா."

மகள் தின்று மீதம் வைத்த பாண் துண்டை அடுப்படியில் நின்றபடியே வாயில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடுகிறவள் பரிமளம். அதைச் சாப்பாடு என்று சொல்ல அவளுக்கே வெட்கமாக இருந்தது. இரண்டு மூட்டை அரிசியும் அன்னதானத்துக்குப் போயிற்று.

அடுத்த செவ்வாய்க்கிழமை அவள் வேலைக்கு லீவு போட்டாள். ஆஸ்பத்திரி ஜன்னலில் நம்பர் துண்டு கொடுக்கும் பெண்ணிடம், மகளுக்கு ஒன்று வேண்டுமென்று தனக்குத் தெரிந்த சிங்களத்தில் கேட்டாள். துண்டு வந்தது. பின்னால் நின்ற சீதா தாயின் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி, இன்னொரு துண்டும் தரச் சொன்னாள்.

"அது யாருக்குடி?"

"ஒனக்கு" என்றாள் சீதா. "நீயும் தராசுல ஏறணும். நீ ஏறினாத்தான் நான் ஏறுவேன்."