ஓட்டையைத் தைக்காதீங்க, ஆன்ட்டி!

துணி கிழிகிற சத்தத்தில் தொடங்குவது எங்கள் தொழில். நான் சிறுமியாக இருந்தபோது எஸ்டேட் லயத்துக்கு மாதம் ஒருமுறை வரும் துணிக்காரர், காக்கித் துணியின் ஓரத்தைக் கத்தரியால் லேசாக நறுக்கிவிட்டு இரண்டு கையாலும் இழுப்பார். சர்ர்ரென்று அந்தச் சத்தம் லயத்தின் கடைசி வீடு வரை போகும். பிறகு கல்லூரிக்குப் போய் மூன்று வருஷம் கவிதை படித்தேன். ஒரு பொத்தான் தைக்கக்கூட அது உதவவில்லை. கணவர் போனபின் மலையூரான தானா ராத்தாவில், பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு தையல் மெஷினைப் போட்டு உட்கார்ந்தேன்.

மனிதர்களின் இடுப்பு பெருக்கவும், என் கண் மங்கவுமாகப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில், சில வருஷங்களாகப் பழைய உடுப்புப் பிரியர்கள் நுழைந்திருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் மோட்டார் சைக்கிளில் மலையேறி வருவார்கள். அந்தக் காலத்துத் தொழிலாளிகளும் மாலுமிகளும் மோட்டார் ஓட்டிகளும் போட்டதைப் போட்டிருப்பார்கள். அது கிடைக்காவிட்டால், அப்படித் தெரியும்படி புதிதாகத் தைத்ததைப் போட்டிருப்பார்கள். ஊசி பிடித்துப் பிழைக்கும் சகோதரிகளே, உங்கள் கடைக்கும் வந்திருப்பார்கள். உங்கள் வேதனை எனக்குத் தெரியும்.

இவர்களை என்னிடம் அழைத்து வருபவன் எங்கள் ஊர் குணா. தேயிலை ஃபேக்டரியில் ஃபிட்டர். நாற்பத்தொரு வயது, கல்யாணமாகவில்லை. ஆறு பெண் பார்த்தாகிவிட்டது. எல்லாம் தட்டிப்போனதற்கு அவன் அம்மா பாக்கியம் என்னைத்தான் குற்றம் சொல்வாள். "நீ தச்சுக் குடுக்காம இருந்தா அவன் மனுஷன் மாதிரி சட்டை போட்டிருப்பான். ஒரு பொண்ணாவது நின்னிருக்கும்."

ஓட்டை

கோலாலம்பூரிலிருந்து வந்த ஒருவர், நீல நிறத்தில் ஒரு பழைய தொழிலாளிச் சட்டையைக் கொடுத்து ஒரே ஒரு பொத்தான் தைக்கச் சொன்னார். முழங்கையில் கிழிசல், பையோரத்தில் பொத்தல், முதுகில் எண்ணெய்க் கறை. பார்க்கப் பாவமாக இருந்தது. பொத்தானைத் தைத்தேன். கூடவே எல்லா ஓட்டையையும் நூல் தெரியாமல் இழைத்து அடைத்தேன். துவைத்தேன். கஞ்சி போட்டு இஸ்திரியும் போட்டு, அடுத்த ஞாயிறு அவர் கையில் கொடுத்தேன். என்னை நானே மெச்சிக்கொண்ட வேலை அது.

அவர் சட்டையை விரித்தார். வெளிச்சத்தில் பிடித்தார். பக்கத்திலிருந்த ஸ்டூலில் மெதுவாக உட்கார்ந்தார். குணா ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தான். பாதி குடித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"ஆன்ட்டி, அந்த ஓட்டை ஒவ்வொண்ணையும் எனக்குத் தனித்தனியாத் தெரியும்."

மூட்டைத் தையல்

இன்னொருவர் ஈப்போக்காரர். ஜீன்ஸின் கால் விளிம்பைச் சங்கிலித் தையலில்தான் மடித்துத் தைக்க வேண்டும் என்று அடம்பிடித்தார். அந்தக் காலத்தில் அப்படித்தானாம். என் மெஷினுக்கு அந்த வித்தை தெரியாது. "எங்க ஃபேக்டரியில இருக்கே!" என்றான் குணா. தேயிலை மூட்டையின் வாயைத் தைக்கிற மெஷினை அவன் சொன்னான். மறுநாளே மூட்டை தைக்கும் கனத்த வெள்ளை நூலில் தைத்தும் கொண்டுவந்துவிட்டான்.

மூட்டைத் தையலைப் பற்றி உங்களுக்குத் தெரியும். சரியான முனையைப் பிடித்து இழுத்தால் மொத்தமும் ஒரே இழுப்பில் வந்துவிடும். மூட்டையைப் பிரிக்க வசதியாக இருக்கட்டுமென்றே அப்படி. பிரிஞ்சாங் சந்தையில் ஸ்ட்ராபெரி வாங்கிக்கொண்டு நின்றவரிடம் அவருடைய நண்பர், "நூல் தொங்குது பாரு" என்று அன்போடு இழுத்திருக்கிறார். மூன்றடி நீள ஜீன்ஸ் மூன்றரையடியாகி, மனிதர் அதன்மேல் தானே மிதித்துத் தக்காளிக் கூடையில் போய் விழுந்தார். அங்கிருந்து நேரே என் கடைக்கு வந்தார்; சண்டைக்குத்தான் வருகிறார் என்று நான் கத்தரியை ஒளித்து வைத்தேன். அவர் முகமோ கோயிலில் பிரசாதம் வாங்கியவர் முகம்போல இருந்தது.

"மூட்டை மாதிரியே பிரியுது லா, ஆன்ட்டி! ஒரிஜினல்!"

சோப்புத் தூள்

குணாவிடம் மெழுகு ஏற்றிய ஒரு பழைய மோட்டார் ஜேக்கெட் இருந்தது. பார்த்தால் கறுப்பு, தொட்டால் பிசுபிசுப்பு. மழை அதன்மேல் தங்காது. தாமரை இலையில்போல உருண்டு ஓடிவிடும். அதைத் துவைக்கவே கூடாது என்பது பழைய உடுப்புப் பிரியர்களுடைய வேதம். ஏழாவதாக ஒரு ஜாதகம் வந்த சந்தோஷத்தில் பாக்கியம் அதை வெந்நீரில் ஊறவைத்து, சோப்புத் தூள் கொட்டி, கல்லில் அடித்து, கொடியில் காயப்போட்டுவிட்டாள்.

அது தெரியாமல் அவன் அதை மாட்டிக்கொண்டு கம்போங் ராஜா ஊர் வரை போனான். வழியில் நல்ல மழை. திரும்பி வந்து என் கடை வாசலில் நின்று பிழிந்தான். ஜேக்கெட்டிலிருந்து தண்ணீரும் நுரையும் மாறி மாறி வந்தன. பின்னாலேயே வந்த பாக்கியம் மகனை முகர்ந்து பார்த்தாள்.

"நனைஞ்சா என்ன இப்ப? வாசமா நனைஞ்சிருக்கான்!"

எட்டு நங்கூரம்

ஏழாவது ஜாதகம் மலைக்குக் கீழே, கடலோரப் பக்கம் சித்தியவானில் இருந்தது. பெண் பெயர் வசந்தி, பாலர் பள்ளியில் ஆசிரியை. "போன்ல பேசினோம் அத்தை. நான் பேசறதைக் கேட்டுச் சிரிக்குது" என்றான் குணா, என் முகத்தைப் பார்க்காமல். இவ்வளவு வருஷத்தில் ஒரு பெண்ணைப் பற்றி அவன் என்னிடம் சொன்னது அதுதான் முதல் தடவை. எப்படியாவது இது முடியட்டும் என்று மெஷினைத் தொட்டுக் கும்பிட்டேன்.

பெண்ணின் அப்பா கடற்படையில் இருபத்து நான்கு வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். இதைக் கேட்டதிலிருந்து குணா தரையில் நிற்கவில்லை. பண்டல் கடையில் பழைய துணிக் குவியலைக் கிளறி எடுத்த கப்பற்படைக் கோட்டு ஒன்று அவனிடம் இருந்தது. கனத்த கம்பளி, அகலக் காலர், இரண்டு வரிசையாக எட்டுப் பொத்தான், பொத்தானுக்கு ஒரு நங்கூரம். எல்லா நங்கூரமும் நேராக நிற்க வேண்டும் என்று மூன்று முறை பிரிக்க வைத்தான். எங்கோ வாங்கிய ஒரு கடற்படைப் பதவிப் பட்டையைக் கொண்டுவந்து கோட்டின் இடது கையில் தைக்கச் சொன்னான். சித்தியவானில் வெயில் கொளுத்துமே, அங்கே கம்பளிக் கோட்டா என்று கேட்டேன்.

"அவர் பார்த்தவுடனே புரிஞ்சுக்குவாரு அத்தை. நம்ம ஆளுன்னு."

பெண் பார்த்தது

பாக்கியத்துக்குத் துணையாக நானும் போனேன். கூடத்தில் ஒரு விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே கழுத்து வரை பொத்தான் போட்டுக்கொண்டு, ஆவியில் வைத்த இட்லிபோல உட்கார்ந்திருந்தான் குணா. வசந்தியின் அப்பா உள்ளேயிருந்து வந்தார். மாப்பிள்ளை முகத்தைப் பார்க்கவில்லை. இடது கையைப் பார்த்தார்.

"எந்தக் கப்பல்?"

"கப்பல்ல போனதில்லைங்க. பினாங்கு ஃபெரியில போயிருக்கேன்."

"இந்தப் பட்டை வாங்க எனக்குப் பன்னிரண்டு வருஷம் ஆச்சு."

"அத்தை ஒரு மணி நேரத்துல தச்சுட்டாங்க" என்றான் பாவி, என்னைப் பெருமையாகக் காட்டி.

பாக்கியம் என் தொடையைக் கிள்ளினாள். நான் எழுந்து, கைப்பையில் எப்போதும் இருக்கும் சின்னக் கத்தரியை எடுத்து, கூடத்தின் நடுவிலேயே அந்தப் பட்டையைப் பிரித்தேன். குணா கண்ணில் நீர் முட்டியது. கோட்டைக் கழற்றி அவரிடம் நீட்டினான். "மன்னிச்சிடுங்க. இதுக்கு மரியாதை செய்யறேன்னு நினைச்சுத்தான் போட்டேன்."

அவர் கோட்டை வாங்கினார். திருப்பி உள்தையலைப் பார்த்தார். நங்கூரங்களை ஒவ்வொன்றாகத் தடவினார். "நேரா நிக்குதே" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். எனக்குப் போன உயிர் வந்தது.

அதன்பின் நடந்ததுதான் கொடுமை. காலர் ஏன் அவ்வளவு அகலம் என்று குணா கேட்டான். அலை தெறிக்கும்போது தூக்கிவிட்டுக் காதை மூட என்றார். பை ஏன் நெட்டுக்குத்தாக இருக்கிறது என்று கேட்டான். குளிரில் கையை நுழைத்துக்கொள்ள என்றார். மாலுமிக் காற்சட்டைக்கு ஏன் அவ்வளவு அகலக் கால் என்று கேட்டதும், முட்டிக்கு மேல் சுருட்டிக்கொள்ளத்தான் என்று அவர் எழுந்து, கைலியை மடித்துக் கட்டி, கப்பல் தளத்தைக் கழுவுவதுபோலச் செய்து காட்டினார். வசந்தி காப்பி கொண்டுவந்தாள். அது ஆறிப் பாலாடை படிந்ததும் எடுத்துக்கொண்டு போனாள். மறுபடி கொண்டுவந்தாள். இரண்டு மணி நேரத்தில் குணா அவளிடம் பேசியது ஒரே ஒரு வாக்கியம்: "சீனி கொஞ்சம் கம்மி."

மூன்றாவது காப்பித் தட்டை அவள் பாக்கியத்தின் மடியிலேயே வைத்தாள். கோபமாகக்கூட இல்லை.

"ரொம்பப் பொருத்தமா இருக்கு ஆன்ட்டி. எங்கப்பாவையே இவருக்குக் கட்டி வைங்க."

எட்டு நங்கூரத்தையும் நேராக நிறுத்தத் தெரிந்த எனக்கு ஒரு மாப்பிள்ளையை நிறுத்தத் தெரியவில்லை. அடுத்த தை மாதம் வசந்தி ஈப்போவில் ஒரு கணக்கு வாத்தியாரைக் கட்டிக்கொண்டாள், குணா இன்னும் தனியாகத்தான் இருக்கிறான், அவளுடைய அப்பா மாதம் ஒரு ஞாயிறு அவன் மோட்டாரின் பின்சீட்டில் மலையேறி வருகிறார்.