அத்தை செய்த குட்டைக் கியர்

எங்கள் வீட்டில் அத்தை வாங்கிய எதுவும் அத்தையிடம் நின்றதில்லை. அப்பாவின் கடைசித் தங்கை அவள். தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டினாள். ஆள் வராத நாளில் பட்டறை வேனையும் அவளே ஓட்டுவாள். முதன்முதலாக அவள் வாங்கிய ஸ்கூட்டரை, "ஒரு நாள் குடு, காலாப்பட்டு வரைக்கும் போய்ட்டு வந்துடறேன்" என்று சித்தப்பா எடுத்துப்போனார். காலாப்பட்டு என்ன கண்காணாத தேசமா? சித்தப்பா அன்று மாலையே திரும்பிவிட்டார், ஸ்கூட்டர்தான் அத்தையிடம் திரும்பவில்லை. அவர் அதில் தெருவைத் தாண்டும்போதெல்லாம் அத்தை சும்மா பார்த்துக்கொண்டு நிற்பாள். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

எனக்கு அப்போது பதினோரு வயது. வாய் மட்டும் இருபது வயதுக்கு வளர்ந்திருப்பதாக அம்மா சொல்வாள்.

அந்த வருஷம் அத்தை கார் வாங்கினாள். ஷோரூமில் மாலை போட்டுக் கொடுக்கிற கார் இல்லை, கிட் கார். இரும்புக் குழாய்களைப் பற்றவைத்த ஒரு கூடு, நாலு சக்கரம், ஏதோ பழைய காரிலிருந்து கழற்றிய எஞ்சின், கியர் பாக்ஸ், மூன்று சாக்கு நிறைய நட்டும் போல்ட்டும். நாமே பூட்டிக்கொள்ள வேண்டும். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். தெருக்கோடியில் அப்படி ஒரு சொல்தா வீட்டு ஷெட் காலியாகக் கிடந்தது. அத்தை அதைக் கேட்டு வாங்கி, வேலை விட்டு வந்ததும் அங்கே உட்கார்ந்துவிடுவாள்.

"கோழிக்கூண்டுக்கு இன்னாத்துக்கு எஞ்சினு?" என்று சித்தப்பா சிரித்தார். மூன்று மாதம் சிரித்தார். எஞ்சின் ஓடத் தொடங்கிய அன்று கோழிக்கூண்டு 'நம்ம வண்டி' ஆகிவிட்டது.

அது ரோட்டில் ஓட்ட அனுமதி கிடைக்காத வண்டி. காலாப்பட்டுக்கு அப்பால், கனகசெட்டிக்குளம் போகும் வழியில், முந்திரித்தோப்பை ஒட்டி ஒரு மண் மைதானம் இருந்தது. இப்படிக் கையால் வண்டி செய்கிறவர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே கூடி, குச்சி நட்டு, வளைத்து வளைத்து ஓட்டி, யார் சீக்கிரம் முடிக்கிறார்கள் என்று பார்ப்பார்கள். அங்கே ஓட்ட வேண்டும் என்றுதான் அத்தை இத்தனை பாடுபட்டாள். ஆனால் ஒரு நாள் சாப்பிடும்போது சித்தப்பா, "ஞாயித்துக்கிழம நான் ஓட்டறேன்" என்றார், சோற்றைப் பிசைந்துகொண்டே.

அப்பாவும் தலையாட்டினார். "அவனே ஓட்டட்டும்மா. நாலு பேர் பாக்கற எடத்துல நீ எதுனா மோதி வெச்சா நல்லாவா இருக்கும்?"

"சரிண்ணா" என்றாள் அத்தை.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. முடியாது என்று ஒரு வார்த்தை சொன்னால் வாயிலிருந்து முத்தா உதிர்ந்துவிடும்?

மறுநாள் அத்தை கியர் லீவரைக் கழற்றினாள். பழைய காரின் லீவர் நீளம். ஒவ்வொரு கியருக்கும் கை ஒரு சாண் போய் வர வேண்டியிருந்தது, போகிற கை குழாயில் இடித்தது. ரேஸ் ஓட்டுகிறவர்கள் குட்டை லீவர்தான் வைப்பார்களாம், நாலு விரற்கடை அசைத்தால் கியர் விழுமாம். கடையில் வாங்க அத்தைக்கு மனமில்லை. பட்டறையில் ஒரு கம்பியைக் கடைந்து எடுத்துவந்தாள். அதன் அடியில், கியர் பாக்ஸுக்குப் போகும் தண்டுக்கு முன்னால், இன்னொரு சின்ன லீவரை நடுவில் போல்ட்டு போட்டுப் பொருத்தினாள். சித்தப்பா வந்து பார்த்து, "சூப்பரு, எனக்கு வாட்டமா இருக்கும்" என்றார்.

முன் சக்கரங்களைத் தூக்கி நிறுத்தி அத்தை கியர் போட்டுப் பார்த்தபோது நான் பக்கத்து சீட்டில் இருந்தேன். வேனில் முதல் கியருக்கு முன்னால் தள்ளுவாள். இங்கே முன்னால் தள்ளினால் இரண்டு விழுந்தது, பின்னால் இழுத்தால் ஒன்று. மூன்றும் நாலும் அப்படியே மாறிக் கிடந்தன. குனிந்து பார்த்தேன். பூங்காவில் இரண்டு பேர் உட்கார்ந்து ஆடும் பலகை மாதிரி, அந்தச் சின்ன லீவரின் ஒரு முனை முன்னால் போனால் மறுமுனை பின்னால் வந்தது.

"அத்த! தலகீழா இருக்குது!"

"தெரியும்."

"மாத்தி மாட்டு அத்த."

"இருக்கட்டும் வுடு. நீ யாருகிட்டயும் சொல்லாத, இன்னா?"

செய்த தப்புக்கு வெட்கப்படுகிறாள், பாவம் என்று நினைத்துக்கொண்டேன். நான் ஒருவரிடமும் சொல்லவில்லை. என் வாய்க்கு அது பெரிய தவம்.

ஞாயிற்றுக்கிழமை வண்டியைக் குட்டி யானை லோடு வேனில் ஏற்றிக்கொண்டு போனோம். சித்தப்பா கூலிங் கிளாஸ் மாட்டிக்கொண்டு ஏறி உட்கார்ந்தார். கியரை முன்னால் தள்ளி கிளட்சை விட்டார். வண்டி ஒரு குதி குதித்து நின்றது. மறுபடியும் அதே குதி. மூன்றாவது தடவை லீவரைக் கண்டபடி ஆட்டி, ரிவர்ஸில் விழுந்து, வண்டி பின்னாலேயே போய் முந்திரி மரத்தடி மணலில் புதைந்தது. மைதானமே சிரித்தது. நானும் சிரித்தேன், வஞ்சனை இல்லாமல் சிரித்தேன்.

"கியரே ராங்கு! இன்னா வண்டி செஞ்சி வெச்சிருக்கா பாரு!" என்று சித்தப்பா இறங்கினார்.

"நான் பாக்கட்டுமாண்ணா?" என்று பணிவாகக் கேட்டு அத்தை ஏறினாள். கியரைப் பின்னால் இழுத்தாள். அடேயப்பா! புழுதிதான் தெரிந்தது. குச்சிக்குக் குச்சி மணிக்கட்டை மட்டும் அசைத்து கியர் மாற்றி, ஒரு குச்சியையும் சாய்க்காமல் சுற்றி வந்தாள். நான் தொண்டை கட்டுமட்டும் கத்தினேன். இறங்கியபோது அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தை அதற்கு முன் நான் பார்த்ததே இல்லை.

சித்தப்பா சும்மா இருப்பாரா? அந்த வாரம் முழுக்கத் தெருவில் ஒருவர் விடாமல், "கியரத் தலகீழா மாட்டிட்டா, பொம்பள வேல" என்று சொல்லித் திரிந்தார். எந்த கியர் எங்கே விழும் என்பது மட்டும் அவருக்குப் பிடிபடவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை. ஊருக்கே தெரிந்த பிறகு ரகசியம் என்ன வேண்டிக்கிடக்கிறது? தலைகீழாக இருந்தால் என்ன, அதற்கும் ஒரு ஒழுங்கு இருக்கிறது, என் அத்தை மக்கு இல்லை என்று எல்லோருக்கும் காட்டிவிட முடிவு செய்தேன். ஒரு தகரத் துண்டில், அம்மாவின் சிவப்பு நகப்பாலிஷால், எந்தப் பக்கம் எந்த கியர் என்று கோடு போட்டு எண் எழுதினேன். அடுத்த ஞாயிறு, யாரும் பார்க்காதபோது அதை லீவர் பக்கத்தில் ஒட்டினேன்.

சித்தப்பாதான் முதலில் பார்த்தார். குனிந்து படித்தார். ஏறி உட்கார்ந்தார். வண்டி பூப்போலக் கிளம்பியது. ஒரு சுற்று, இன்னொரு சுற்று, மூன்றாவது சுற்று. அத்தையின் முறை வரவே இல்லை. எழுதியது நான் என்று தெரிந்ததும், "எம் பொண்ணு கெட்டிக்காரி!" என்று அப்பா எனக்குக் கரும்புச்சாறு வாங்கிக் கொடுத்தார்.

சித்தப்பா தண்ணீர் குடிக்க இறங்கியதும் அத்தை ஸ்பேனரோடு போனாள். ஒரே போல்ட்டு. லீவரை உருவித் தன் பையில் போட்டுக்கொண்டாள்.

"ஏய், இன்னாடி பண்றே?"

"நான் செஞ்சது. என்கிட்டயே இருக்கும்."

"அப்ப வண்டி?"

"வண்டியும் என்னுதுதான். ஓட்டணும்னா இனிமே என்னைக் கேளு." மைதானத்துக்கே கேட்டது. சித்தப்பாவும் அப்பாவும் வண்டியைத் தள்ளித்தான் குட்டி யானையில் ஏற்றினார்கள்.

திரும்பும்போது நானும் அத்தையும் பின்னால் உட்கார்ந்து வந்தோம். தகரத்தைக் கழற்றி அவள் மடியில் வைத்திருந்தாள்.

"நான் தப்பா எழுதிட்டனா அத்த?"

"இல்ல கண்ணு. கரெக்டாதான் எழுதியிருக்க."

அவ்வளவுதான் சொன்னாள். கெட்டிக்காரி என்று சொல்லவில்லை. வீடு வரும்வரை நான் உம்மென்று வந்தேன். தன் தப்பை ஒரு சின்னப் பெண் சரிசெய்துவிட்ட பொறாமை என்றுகூட நினைத்தேன். அந்தத் தலைகீழ் கியர் தப்பே இல்லை, அந்த வீட்டில் அத்தை தனக்கென்று போட்டுக்கொண்ட ஒரே பூட்டு என்பதும், அதைச் சித்தப்பாவுக்குத் திறந்துவிட்டவள் நான்தான் என்பதும் எனக்குப் புரிய இன்னும் பல வருஷங்கள் இருந்தன.