ஜெயம் பிடித்த பரீட்சை அட்டை

சக்கரபாணிக்கு நாற்பத்தாறு வயது. அதில் பத்தொன்பது வருஷம் ஆரல்வாய்மொழிப் பக்கம் காற்றாலைகளில் ஏறி இறங்கியே போனது. எல்லாம் பழைய ரகம். இறக்கையைத் திருப்ப முடியாது. முடுக்கிய கோணத்திலேயே நிற்கும். காற்று மிஞ்சினால், இறக்கையை ஒட்டி ஓட வேண்டிய காற்று பிய்த்துக்கொண்டு போகும், மின்சாரம் தானாக மட்டுப்படும். கம்பெனி அவற்றைக் கழற்றி விற்றதும் புதுச்சேரியில் கதிர்காமத்து வீட்டுக்கு வந்துவிட்டார். எட்டு மாதமாக வேலையில்லை. வெளிநாட்டுக் கடலில் நிற்கும் பெரிய காற்றாலைகளுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று தெரிந்ததும், மனைவி ஜெயம்தான் விடாப்பிடியாக விண்ணப்பிக்க வைத்தாள்.

“கடல்ல இருக்கிறதுல மோட்டார் வச்சி இறக்கையத் திருப்புறான். எதுக்கு அந்த வேலை? எங்க மிஷின் தானா அடங்கிடும்.”

“இதையே அங்க போயி சொல்லுங்க. மாலை போட்டு அனுப்பிடுவாங்க.”

நேர்காணலுக்கு முதல் நாள், அக்கா மகள் கவிநிலாவுக்கு வாங்கிய பரீட்சை அட்டையோடு இருவரும் ஸ்கூட்டரில் பிள்ளைச்சாவடியில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போனார்கள். சாலை காலியாக இருந்தது.

“ஜெயம், அந்த அட்டைய வெளிய நீட்டிப் புடியேன். தட்டையா, காத்தக் கிழிக்கிற மாதிரி.”

“புடிச்சேன். சும்மாதான் இருக்குது.”

“முன்பக்கத்த லேசா தூக்கு.”

“அய்ய, கையத் தூக்குது!”

“இன்னும் நிமுத்து.”

“இப்ப தூக்கல. வெடவெடன்னு நடுங்குது, பின்னாடி இழுக்குது. தோள்பட்டை கழண்டுடும்ங்க…”

அட்டை பறந்தது. பின்னால் வந்த பஸ் அதன் மேல் ஏறிப் போனது.

“தூக்குறது நின்னுபோச்சி, இழுக்கிறது நிக்கல. இன்னா மிஷின் உங்களுது?” என்றாள் ஜெயம்.

மறுநாள் உழவர்கரை அலுவலகத்தில் சிவசங்கரி என்ற பொறியாளர் எதிரே உட்கார்ந்திருந்தார். “நீங்க பழகின மிஷினையே பெருசா செஞ்சி கடல்ல நிறுத்தினா என்ன சார்?”

நிறுத்தலாம் என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டார்.

“மின்சாரம் அடங்கும் மேடம். காத்தோட தள்ளு அடங்காது, நடுக்கம் வேற. நூறு மீட்டர் இறக்கைன்னா அத கம்பமும் தாங்கணும், கடலுக்கடியில அஸ்திவாரமும் தாங்கணும். காத்தக் கிழிக்கிற மாதிரி இறக்கையத் திருப்பிட்டா தள்ளு, நடுக்கம் ரெண்டுமே கொறையும்.”

“எங்க படிச்சீங்க?”

“ஸ்கூட்டர்ல, மேடம். பரீட்சை அட்டையப் புடிச்சிக் கைய நீட்டினது என் சம்சாரம்.”

சிவசங்கரி சிரித்துவிட்டு, அந்த அட்டையை எப்படியெல்லாம் சாய்த்தார்கள் என்று கால் மணி நேரம் கேட்டார்.

பத்தாம் நாள், பயிற்சிக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்தது. சக்கரபாணி கடைக்குப் போய் இரண்டு பரீட்சை அட்டை வாங்கிவந்தார்.

“ஒண்ணு கவிநிலாவுக்கு. இன்னொண்ணு யாருக்கு?”

“உனக்குத்தான்.”

“போங்க, தோள் இன்னும் வலிக்குது,” என்றாள் ஜெயம். கடிதத்தை அந்த அட்டையின் கிளிப்பில் மாட்டி, வருகிறவர்கள் கண்ணில் படும்படி டிவி பக்கத்தில் சாய்த்து வைத்தாள்.