இடது கீழ் மூலை

ஜோஸ்மிக்குப் பார்க்க ஒரு கண்தான் உண்டு. ஆறு வயதில் விளையாடும்போது குச்சி பட்டு இடது கண் போயிற்று. இருட்டா வெளிச்சமா என்று மட்டும் அதில் தெரியும். வலது கண்ணுக்குத் தடித்த கண்ணாடி. அந்த ஒற்றைக் கண்ணை வைத்துக்கொண்டு குன்னத்துகாலில் வீட்டிலிருந்தே கல்யாண ஆல்பங்கள் வடிவமைத்தாள். மணப்பெண்ணின் நிறம் கெடாமல் வெளிச்சத்தைக் கூட்ட அவளைப் போல ஆளில்லை என்று சுற்றுவட்டாரத்து ஸ்டூடியோக்காரர்கள் சொல்வார்கள்.

வேலை முடிந்ததும் அதே கம்ப்யூட்டரில் துப்பாக்கி விளையாட்டு. கல்லூரித் தோழி ரேஷ்மி அம்பூரியில் தன் வீட்டிலிருந்து கூடச் சேர்ந்துகொள்வாள். முப்பது தாண்டிய இருவரும் ஹெட்போனில் கத்திக்கொள்வதைக் கேட்டுச் சிரித்தபடி, அலுமினியக் கதவு வேலைக்குப் போய் வந்த கணவன் பினு காப்பி போடுவான்.

கர்க்கடக மாதத்து மழை நாளொன்றில், விளையாட்டின் நடுவே, ஜோஸ்மியின் திரையைத் தன் கம்ப்யூட்டரில் பார்த்துக்கொண்டிருந்த ரேஷ்மி கேட்டாள். “எட்டி, கீழ இடப்பக்கம் ஆளு நிக்குது. காணல்லியா?”

காணவில்லை. மறுநாளும் அதே மூலையிலிருந்து வந்தவன்தான் அவளைச் சுட்டான். அந்த வாரமே ஓர் ஆல்பம் திரும்பி வந்தது. எல்லாப் பக்கத்திலும் இடது கீழ் மூலை மட்டும் வெளிறிக் கிடப்பதாக ஸ்டூடியோக்காரர் சொன்னார். அந்த இடம் மங்கலாகத் தெரிந்ததால் வெளிச்சத்தைக் கூட்டியவள் அவள்தான். மானிட்டர் பழசாகிவிட்டது என்று முடிவு செய்தாள்.

பாறசாலையில் ஜெயச்சந்திரனின் கம்ப்யூட்டர் கடைக்கு மறுநாள் காலை தனியாகப் போனாள். அவர் இரண்டு மானிட்டர்களை மேசையில் அடுத்தடுத்து வைத்து ஓட்டிக் காட்டினார்.

“இந்தச் சின்னது கேமிங்குக்கு உள்ளதாக்கும். ஆளு எவ்வளவு வேகமா ஓடினாலும் படம் இழுபடாது. கலர் அவ்வளவு போரா, கொறச்சல்தான். மற்றது இருபத்தேழு இஞ்சு. பிரிண்டில வாற கலர் அப்படியே காணலாம். வெளையாட்டுக்குக் கொஞ்சம் மெதுவு.”

“எனக்கு ரெண்டுக்கும் ஒண்ணுதான் வேணும் அண்ணா.”

பென் டிரைவிலிருந்து ஒரு கல்யாணப் படத்தைப் போடச் சொன்னாள். பெரியதில் உற்றுப் பார்த்தாள்.

“இதுல கீழ ஒரு மூலை இருட்டா இருக்கே.”

சின்னதைப் பார்த்தாள். அதிலும் இருந்தது. ஜெயச்சந்திரன் படத்தை எடுத்துவிட்டு இரண்டிலும் வெறும் வெள்ளைத் திரை வைத்தார். குனிந்து மூலைகளைத் துடைத்தார்.

“எனக்கு ஒண்ணும் காணல்லியே. எந்த மூலை?”

“இடது, கீழ.”

அவர் பெரிய மானிட்டரைத் தாங்கியிலிருந்து கழற்றித் தலைகீழாகப் பிடித்தார். “இப்ப?”

இருட்டு மேலே போயிருக்க வேண்டும். போகவில்லை. அதே இடது கீழ் மூலையில் அசையாமல் இருந்தது. ஜெயச்சந்திரன் மானிட்டரை மெல்ல மேசையில் வைத்தார். பிறகு கடையின் வெள்ளைச் சுவரைக் காட்டி, “அங்க பாருங்க,” என்றார்.

சுவரிலும் இருந்தது.

“ஒண்ணும் இல்ல. ராத்திரி உறங்கல்ல, அதாக்கும்,” என்றாள் ஜோஸ்மி. பெரிய மானிட்டரையே கட்டித் தரச் சொல்லி ஆட்டோவில் ஏறினாள். தனுவச்சபுரத்தில் ஒரு கல்யாண வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை ஆல்பம் கொடுக்க வேண்டியிருந்தது. அதை முடித்துவிட்டுப் பார்த்துக்கொள்ளலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். உண்மையில் பயந்தாள். அந்த ஒரு கண்ணைப் பற்றி யாரிடமாவது வாய்விட்டுச் சொன்னால் அது நிஜமாகிவிடும் என்று தோன்றியது.

புதிய திரையில் ஆல்பப் பக்கத்தின் மேல் கட்டங்களைப் போட்டுப் பார்த்தாள். வியாழக்கிழமை இருட்டு இரண்டு கட்டம். வெள்ளி காலையில் மூன்று. மத்தியானம் நான்கு. சாம்பல் துணியொன்றைக் கீழிருந்து யாரோ மெல்ல மேலே இழுப்பது போல இருந்தது. வலி இல்லை, சிவப்பு இல்லை. அவள் கட்டங்களை அணைத்துவிட்டு, மீதமிருந்த வெளிச்சத்தில் மணமகனின் சட்டையைத் திருத்திக்கொண்டிருந்தாள்.

அன்று நாலு மணிக்குப் பினு வேலையைப் பாதியில் விட்டுவிட்டு வந்து வாசலில் நின்றான். ஜெயச்சந்திரன் அவனைப் போனில் கூப்பிட்டிருந்தார்.

“மானிட்டருக்கு ஒரு குழப்பமும் இல்லன்னு அவரு பறஞ்சாரு. எனக்கிட்ட எதுக்குப் பறயல்ல?”

அவள் திரும்பினாள். அவன் முகம் தெரிந்தது. கால்கள் தெரியவில்லை.

“இப்ப நெஞ்சு வரைக்கும்தான் ஒன்னக் காணுது,” என்றாள்.

பினு அவளுடைய கண்ணாடியைத் துடைத்து மாட்டிவிட்டு, பைக்கை விட்டுக் கார் பிடித்தான். திருவனந்தபுரத்தில் டாக்டர் கண்ணுக்குள் வெளிச்சம் அடித்து நீண்ட நேரம் பார்த்தார். விழித்திரை கிழிந்து கழன்றுகொண்டிருக்கிறது, இன்னும் நடுவை எட்டவில்லை, நாளை என்றால் சொல்வதற்கில்லை என்றார். அன்றைக்கே அறுவை செய்தார்கள்.

கழன்றது ஒட்டுவதற்காகக் கண்ணுக்குள் வாயு நிரப்பியிருந்தார்கள். அது கரையும் வரை அவளுக்குக் கலங்கிய வெளிச்சத்தைத் தவிர ஒன்றும் தெரியாது. அந்த வாரங்களில் அவள் சுவரைத் தொட்டுத் தொட்டுக் குளியலறைக்குப் போனாள். சோற்றைத் தடவிப் பார்த்துச் சாப்பிட்டாள். ஒட்டாவிட்டால் இதுதான் மிச்ச வாழ்க்கை என்று இருவருக்கும் தெரிந்திருந்தது. தனுவச்சபுரத்து ஆல்பத்தை வேறொருவர் முடித்தார்.

ஒட்டியது. நடுப்பார்வை மிஞ்சியது. கீழே ஓரமாகச் சாம்பல் பட்டை ஒன்று நிலைத்துவிட்டது. தோலின் நிறம் முன்பு போலப் பிடிபடவில்லை என்பதால், பக்கங்களை மட்டும் அடுக்கிக் கொடுத்துவிட்டு நிறவேலையை ஸ்டூடியோக்காரர்களிடமே விட்டாள். மாலையில் ரேஷ்மியுடன் கொஞ்ச நேரம் ஆடினாள்.

போன மாதம் நெய்யாற்றின்கரைக்கு என்று ஏறிய திருவனந்தபுரம் பஸ்ஸில், வெயில் கொளுத்தும் பத்து மணிக்கு, கண்ணோரத்தில் மின்னல் போல ஒன்று வெட்டியது. இன்னொன்று. ஜோஸ்மி வானத்தைப் பார்த்தாள். மேகமே இல்லை. கண்ணில் இப்படி மின்னினால் உடனே வரச் சொல்லி டாக்டர் எச்சரித்திருந்தார். பினுவைக் கூப்பிட்டு, “எனக்குப் பின்னயும் தொடங்கியாச்சு. நான் ஆஸ்பத்திரிக்குப் போறேன், நீ நேரா அங்க வா,” என்றாள்.

நெய்யாற்றின்கரையில் இறங்காமல் அதே பஸ்ஸில் திருவனந்தபுரம் போனாள். விழித்திரையில் ஓரிடம் புதிதாக மெலிந்திருப்பதைக் கண்டு, டாக்டர் அப்போதே லேசர் வைத்தார். இனி ஆறு வாரத்துக்கொருமுறை வர வேண்டும் என்று சீட்டில் எழுதிக் கொடுத்தார். எத்தனை காலத்துக்கு என்று அவள் கேட்டாள். டாக்டர் அடுத்த தேதியைக் குறித்தார்.