செம்பாறைப் பள்ளத்தாக்கில் எடுத்த படம்

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் கனடாவின் ஸ்காபரோவில் கலியாணம், பெண்பிள்ளை பெரியவளாகும் சாமத்தியவீடு, பிறந்தநாள் என்று எது நடந்தாலும் கமராவோடு ஓடித்திரிந்தவர்களில் நானும் ஒருவன். கிழமை நாட்களில் ஒரு பிளாஸ்ரிக் தொழிற்சாலையில் வேலை. சனி ஞாயிறில் மண்டபங்களில் படமெடுப்பு. மற்றவர்களுடைய சந்தோசத்தைப் பிடித்துவைக்கிற தொழில் என்று சொன்னால் கேட்க நன்றாகத்தான் இருக்கும். உண்மையில் அது "அன்ரி, கொஞ்சம் கிட்ட நில்லுங்கோ", "அங்கிள், கண்ணை மூடாதேங்கோ" என்று நாள் முழுக்கத் தொண்டை கிழியக் கத்துகிற தொழில். படத்தில் ஆள் தெரிய வேண்டும், ஆளின் சேலை தெரிய வேண்டும், சேலைக்கு மேலே நகை தெரிய வேண்டும். பின்னால் என்ன இருந்தது என்று ஒருவரும் கேட்டதில்லை. ஆள் இல்லாமல் ஒரு மரத்தை எடுத்து அல்பத்தில் வைத்துவிட்டால், பெடியன் பிலிம் ரோலை வீணாக்கிப்போட்டான் என்று கதை பரவிவிடும்.

ஊரெல்லாம் படம் எடுத்த எனக்கு ஒரு வருடமாக என் மனைவியை மட்டும் ஒரு படம் எடுக்க முடியவில்லை.

எங்களுடைய முதல் குழந்தை ஏழாம் மாதத்தில் வயிற்றுக்குள்ளேயே இறந்துபோனது. உடம்பில் ஒரு குறையும் இல்லை, சில வேளைகளில் இப்படி நடக்கும் என்று டொக்டர் சொன்னார். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள், ஆனால் நம்பவில்லை. "என்ரை உடம்பை இனி நான் நம்பமாட்டன்" என்று ஒருநாள் சமையலறையில் நின்று சொன்னாள். அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். பால் காய்ச்சிக்கொண்டே சொன்னாள். அதன் பிறகு வேலைக்குப் போவதை விட்டாள். கொண்டாட்டங்களுக்கு வருவதை விட்டாள். போனால் ஏதாவது ஒரு அன்ரி கையைப் பிடித்துக்கொண்டு "பேந்தென்ன, விசேசம் ஒண்டும் இல்லையோ?" என்று கேட்பார். நான் கமராவைத் தூக்கினால் முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விடுவாள். கொழும்பிலிருந்து அவளுடைய தாய், என் மாமி, ஒவ்வொரு முறை ரெலிபோன் எடுக்கும்போதும் "மகளின்ரை படம் ஒண்டும் வரேல்லையே" என்பார். கமரா திருத்தக் கொடுத்திருக்கிறது என்று சொல்லுவேன். படமெடுக்கிறவனின் கமரா ஒரு வருடம் திருத்துகிற இடத்தில் கிடந்தது என்றால் எந்த மாமி நம்புவார்? அவரும் நம்பவில்லை, பாவம், கேட்பதையும் நிறுத்தவில்லை.

எனக்குப் பயமாக இருந்தது. குழந்தை போன துக்கம் இரண்டு பேருக்கும் இருந்தது. ஆனால் அதோடு சேர்ந்து இவளும் போய்விடுவாளோ என்ற பயம் எனக்கு மட்டும் இருந்தது.

ஒருநாள் டொக்டரிடம் போய்க் காத்திருந்தபோது, சுவரில் தொங்கிய கலண்டரையே அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். சிவந்த பாறைகள், நடுவில் பிளந்துபோன ஒரு பெரிய பள்ளத்தாக்கு, மேலே வெறும் நீல வானம்.

"உது எங்கை இருக்கு?" என்று கேட்டாள்.

"அமெரிக்காவிலை. பாலைவனப் பக்கம்."

"ஒருத்தரும் இல்லை, என்ன?" என்றாள். அவளாக என்னிடம் ஒரு கேள்வி கேட்டே பல நாட்களாகியிருந்தன. அந்த இடத்துக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போவதென்று அந்தக் கதிரையிலேயே முடிவு செய்துவிட்டேன்.

அந்த வருடம்தான் எங்களுக்குக் குடியுரிமை கிடைத்து, எல்லை தாண்டலாம் என்று ஆகியிருந்தது. வாகனத்துக்கு அவளுடைய அண்ணன் வந்து சேர்ந்தான். மச்சான் ஒரு பேக்கரிக்கு வான் வண்டி ஓட்டுகிறவன், இன்னும் கலியாணமாகாதவன். அவனுக்கும் ஒரு தேவை இருந்தது. பெண்வீட்டாருக்கு அவன் அனுப்பிய படங்கள் எல்லாம் பனிக்காலத்தில் எடுத்தவை. கடைசியாக ஒரு வீட்டார், ஜக்கெற் நன்றாக இருக்கிறது, உள்ளே இருக்கிற மாப்பிள்ளையைப் பார்க்கலாமா என்று கேட்டு அனுப்பிவிட்டார்களாம். வெயிலில், ஏதாவது பெரிய இடத்துக்கு முன்னால் நின்று ஒரு நல்ல படம் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றான். கோடை முடிகிற சமயம் மூன்று பேரும் வெளிக்கிட்டோம். வானுக்குள் ரைஸ் குக்கர், அரிசி, பருப்பு, தகரத்தில் அடைத்த மீன்ரின், தேசிக்காய் ஊறுகாய். ஸ்காபரோ தமிழர் தூர இடத்துக்குப் போவதென்றால் குசினியையும் கழற்றிக்கொண்டுதான் போவார்கள்.

பாதை நீண்டுகொண்டே போனது. சோளக்காடு முடிந்து புல்வெளி வந்தது, புல்வெளி முடிந்து மலை வந்தது, மலையும் முடிந்த பிறகு மண் சிவக்கத் தொடங்கியது. அவள் பின் சீற்றில் இருந்து யன்னலால் பார்த்தபடியே வந்தாள். தூங்கவே இல்லை. அதையே நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டேன்.

பள்ளத்தாக்கின் விளிம்புக்கு நாங்கள் முதலில் போனது நட்ட நடு மத்தியானத்தில். மச்சான் உடனே தலைவாரிக்கொண்டு நின்றான். கமராவைக் கண்ணில் வைத்துப் பார்த்தால் கலண்டரில் கண்ட சிவப்பைக் காணவில்லை. வெள்ளையடித்த சுவர்போல எல்லாம் வெளிறிக் கிடந்தது. மண்டபத்தில் என்றால் ஃபிளாஷைத் தட்டி முகத்துக்கு வெளிச்சம் கொடுத்துவிடுவேன். இந்தப் பள்ளத்தாக்குக்கு எந்த ஃபிளாஷைத் தட்டுவது? பக்கத்தில் பெரிய கமரா முக்காலியோடு வந்திருந்த ஒரு வெள்ளைக்காரர் கமராவைப் பையிலிருந்தே எடுக்காமல் மரநிழலில் படுத்திருந்தார். வெயில் சாயும் வரைக்கும் அவருக்கு வேலை இல்லை என்று மெல்ல விளங்கியது. ஆட்களை நிற்கவைத்தே பழகிய எனக்கு, வெளிச்சத்துக்காகக் காத்து நிற்கிற இந்தத் தொழில் புதிதாக இருந்தது, பிடித்தும் இருந்தது.

அடுத்த நாள் கீழே இறங்கி நடப்பதென்று தீர்மானித்தோம். விடியற்காலையில் வெளிக்கிடுங்கள் என்று மொட்டலில் சொன்னார்கள். அங்கே தங்கியிருந்த மற்றவர்கள் எல்லாம் இரண்டு பிஸ்கற்றோடு இருட்டிலேயே போய்விட்டார்கள். மச்சான் அசையவில்லை. "சோறு தின்னாமல் மனிசன் நடக்கேலுமே?" என்றான். குக்கர் கொதித்து, பருப்பு வெந்து, மீன்ரின் கறி வற்றி, மூன்று பேரும் வயிறு முட்டச் சாப்பிட்டு, மிச்சத்தைப் பார்சல் கட்டிக்கொண்டு பாதைக்குப் போனபோது வெயில் உச்சிக்கு வரப் பார்த்தது. அத்தோடு மச்சான் அயன் பண்ணிய காற்சட்டையும், முழுக்கைச் சேட்டும், பளபளக்கிற தோல் சப்பாத்தும் போட்டு, சென்ற் வேறு அடித்திருந்தான். பெண்வீட்டார் கீழே காத்திருக்கிறார்கள் என்று பார்த்தவர்கள் நினைத்திருப்பார்கள்.

மலை ஏறுகிறவனுக்குக் களைப்பு முதலில் வரும், திரும்பி வருவது சுலபம். பள்ளத்தாக்கில் அது தலைகீழ். இறங்கும்போது கால் தானாகப் போகும், அங்கேதான் ஏமாந்துவிடுவோம். வளைந்து வளைந்து போகிற பாதையில் கதைத்துக்கொண்டு இறங்கினோம். மேலே ஏறி வந்த ஒரு வயதான தம்பதி எங்களை நிறுத்தி, இறங்கின நேரத்தைப்போல இரண்டு மடங்கு ஏற வேண்டும், தண்ணீர் இருக்கிறதா என்று கேட்டார்கள். மச்சான் "யெஸ், யெஸ்" என்று கோலாப் போத்தலை உயர்த்திக் காட்டினான். நல்லகாலம், என் மனைவியின் பையில் தண்ணீர் இருந்தது. எவருக்கும் சொல்லாமல் அவளே நிரப்பிக்கொண்டு வந்திருந்தாள்.

பாதி வழியில் போதும் என்று மேலே ஏறத் திரும்பிய கொஞ்ச நேரத்தில் மச்சான் விழுந்தான். விழுந்தான் என்றால், ஒரு கல்லில் இருந்தவன் எழும்பவில்லை. முகம் வெளிறி, கால் தசை பிடித்துக்கொண்டு, காலையில் தின்ற சோறு முழுவதையும் பாதையோரம் சத்தியெடுத்தான். முன்னும் பின்னும் ஆள் நடமாட்டம் இல்லை. அவள்தான் அவனைக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போய், பாறை கூரைபோல நீண்டிருந்த ஓரிடத்தில் நிழலில் இருத்தினாள். சப்பாத்தைக் கழற்றினாள். தலையில் தண்ணீர் ஊற்றினாள். பார்சலைப் பிரித்து ஊறுகாயில் ஒரு துண்டு எடுத்து அவன் வாயில் வைத்தாள். "உப்பு உள்ளை போகட்டும், பிறகு கொஞ்சம் கொஞ்சமாத் தண்ணியைக் குடி."

"என்னாலை ஏலாது பிள்ளை. ஹெலியைக் கூப்பிடச் சொல்லு" என்றான் அவன்.

"ஊரிலை குண்டு போடுற ஹெலி வந்தால் முதல்லை பங்கருக்கை ஓடி ஒளிக்கிறது நீதானே, அண்ணை" என்றாள் அவள்.

மச்சான் அந்த நிலையிலும் சிரித்துவிட்டான். நானும் சிரித்தேன். பிறகுதான், அவள் பகிடி விட்டாள் என்பது எனக்கு உறைத்தது. ஒரு வருடத்துக்குப் பிறகு வந்த பகிடி. எதிர்ப்பக்கச் சுவரில் அடித்த வெயில் தெறித்து, நாங்கள் இருந்த நிழலெல்லாம் செம்மையாக ஒளிர்ந்தது. அவள் முகத்திலும் அது பட்டிருந்தது. அப்படி ஒரு வெளிச்சத்தை எந்த மண்டபத்திலும் நான் கண்டதில்லை. கை தானாகக் கமராவுக்குப் போனது. வேண்டாம், திருப்பிக்கொள்ளுவாள் என்று எடுத்த கையை மடியில் வைத்துக்கொண்டேன்.

வெயில் தணியும் வரைக்கும் அங்கேயே இருந்தோம். பிறகு அவள் எழும்பி அண்ணனுடைய பையை ஒரு தோளில் போட்டாள். என் முக்காலியையும் கேட்டாள்.

"உம்மாலை ஏலாது, விடும்" என்றேன்.

"தாங்கோ இஞ்சை" என்று பறித்துக்கொண்டாள். "நீங்கள் அண்ணையைப் பிடியுங்கோ. நான் முன்னுக்குப் போறன். அந்த வளைவு வரைக்கும் வாங்கோ, பிறகு பாப்பம்."

வளைவு வந்ததும் நின்று மூச்சு வாங்குவோம். "இனி அந்தச் செடிப்பத்தை வரைக்கும்" என்பாள். மச்சானின் பாரம் என் தோளில், அவனுடைய சென்ற் மணமும் சத்தி மணமும் என் மூக்கில், கண்ணுக்கு முன்னால் அவளுடைய கால்கள். ஒரே சீராக ஏறிக்கொண்டிருந்தன. அவசரமும் இல்லை, தயக்கமும் இல்லை. செம்மண் முழங்கால் வரைக்கும் அப்பியிருந்தது. நம்பமாட்டேன் என்று அவள் சொன்ன உடம்பு அவளையும், இரண்டு பைகளையும், ஒரு முக்காலியையும், பின்னால் வந்த இரண்டு தடியன்களையும் சேர்த்து மேலே இழுத்துக்கொண்டு போனது. ஒரு வளைவில் திரும்பிப் பார்த்து, "கால் நோகுது" என்றாள். குறை சொல்லுகிற குரல் இல்லை அது. நோகிற காலை அவள் மறந்துபோயிருந்து, இப்போதுதான் ஞாபகம் வந்ததுபோல இருந்தது.

விளிம்புக்கு வந்து சேர்ந்தபோது வெயில் நன்றாகச் சாய்ந்திருந்தது. மச்சான் ஒரு வாங்குப் பலகையில் நீட்டி நிமிர்ந்து படுத்துவிட்டான். பெண்வீட்டாருக்குப் படம் வேண்டாமா என்று கேட்டேன். "உப்பிடியே விடு மச்சான், ஜக்கெற் படமே எனக்குக் காணும்" என்றான். பள்ளத்தாக்கு முழுக்க அடியிலிருந்து சிவக்கத் தொடங்கியிருந்தது. ஒவ்வொரு பாறைக்கும் ஒரு நிழல் வந்து, கலண்டரில் இருந்ததை விடவும் வடிவாக இருந்தது. அவசர அவசரமாக முக்காலியை விரித்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாக, அன்ரி இல்லாமல், அங்கிள் இல்லாமல், ஆள் ஒருவரும் இல்லாத ஒரு படம். கண்ணை வைத்து, சரிபார்த்து, அழுத்தப் போகிற நேரம் பார்த்து ஒரு ஓரத்தால் அவள் வந்து நின்றாள். தலை கலைந்து, சேட்டெல்லாம் புழுதி, கையில் வெறும் தண்ணீர்ப் போத்தல்.

"கொஞ்சம் தள்ளி நில்லும், படத்துக்குள்ளை நிக்கிறீர்" என்று கத்தினேன். வெளிச்சம் போய்விடுமே என்ற அவசரம் எனக்கு.

அவள் அசையவில்லை. "தெரியும்" என்றாள். "எடுங்கோ."

எடுத்தேன். தலையை வாரும் என்றோ, பொட்டைச் சரிசெய்யும் என்றோ சொல்லவில்லை. அவசரத்தில் விரித்த முக்காலியில் படம் கொஞ்சம் சரிந்துதான் வந்தது.

ரொறன்ரோவுக்குத் திரும்பி ரோலைக் கழுவியதும் முதல் வேலையாக அந்தப் படத்தைக் கொழும்புக்கு அனுப்பினோம். படம் போய்ச் சேர்ந்த அன்று மாமி ரெலிபோன் எடுத்தார். வழக்கமாக அவள் என்னைக் கதைக்கச் சொல்லிவிட்டு விலகிவிடுவாள். அன்று அவளே எடுத்தாள். மாமியின் குரல் எனக்கும் கேட்கிற அளவுக்கு உரத்துத்தான் இருந்தது. "என்னடி பிள்ளை இது, இப்பிடிக் கறுத்துப்போனாய்?"

"ஓம் அம்மா," என்றாள் அவள், "வெயிலுக்குள்ளை நடந்தனான். இறங்கிப் போய், பிறகு நானே ஏறியும் வந்தனான்."