உப்பில்லாத அப்பம்

என் கணவருக்கு இதயம் பலவீனமாகிவிட்டது என்று தெரிந்த பிறகு எங்கள் வீட்டில் உப்புச் சாடி இல்லை. மாத்தளை நகரில், ஓர் அப்பக் கடைக்கு மேல் மாடியில் இருக்கிறோம். படி செங்குத்து. கால் வீங்கி மூச்சு வாங்குவதால் கிளினிக் நாளில் மட்டும்தான் அவர் கீழே இறங்குவார். தனியே விட முடியாததால் நானும் பத்திரிகை வேலையை விட்டுவிட்டேன். செய்தி திருத்திய கண்ணால் இப்போது அவர் கணுக்காலைப் பார்க்கிறேன். விரலால் அழுத்தினால் குழி விழும். அது எவ்வளவு நேரத்தில் நிரம்புகிறது என்பதுதான் அன்றைய செய்தி.

உப்பை நிறுத்தியும் குழி ஆழமானது. கிளினிக்கில் பார்த்தால், உடம்பில் நீர் தேங்கி எடை கூடியிருந்தது. வீட்டில் யாரோ உப்புக் கொடுக்கிறார்கள் என்று டொக்டர் சிங்களத்தில் சொன்னார். சொல்லும்போது என்னைத்தான் பார்த்தார். அடுத்த முறையும் இப்படியென்றால் வார்ட்டில் படுக்க வேண்டும். என் கணவர் ஏற்கெனவே ஒரு தடவை அங்கே கிடந்தவர். அந்த நாட்களைப் பற்றி நாங்கள் பேசுவதில்லை.

அன்றிலிருந்து ஒருவரை ஒருவர் வேவு பார்த்தோம். நான் அவர் தலையணைக்கடியில் மிக்சர் பக்கெட் தேடினேன். அவர் சமையலறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

"நீ கையத் தட்டுறப்ப சட்டிக்குள்ள என்னமோ விழுது," என்றார்.

"என் வேர்வைதாங்க விழுது," என்றேன்.

அவருக்கு மிஞ்சியிருந்த ஒரே சந்தோஷம் பின்னேர அப்பம். கீழே கடை நடத்தும் முஸ்லிம் பெண்மணியை, அவர்கள் அக்காவை அழைக்கும் முறைப்படி, 'தாத்தா' என்றுதான் கூப்பிடுவேன். நோயைக் கேள்விப்பட்ட நாளிலிருந்து தாத்தா எங்களுக்கென்று உப்புப் போடாத அப்பம் சுட்டு அனுப்பினார். நானே பிய்த்து ருசி பார்த்தேன், உப்பு இல்லை. அடியில் சிறிய மஞ்சள் புள்ளிகள் இருந்தன. மா சரியாகக் கரையவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு உக்குவளையில் ஒரு கல்யாணத்துக்காகத் தாத்தா சில நாள் கடையைப் பூட்டினார். அந்த நாட்களில் வீக்கம் வடிந்தது. கடை திறந்ததும் மறுபடி ஏறியது. நான் இறங்கிப் போய் அடுப்பருகே நின்றேன்.

கடைக்கான மா காலையிலேயே உப்புப் போட்டுக் கலந்து, நன்றாகப் புளித்திருந்தது. எங்களுக்கானதை பின்னேரம் அசர் தொழுதுவிட்டு வந்துதான் தனியாகக் கலந்தார். அது புளிக்க நேரமில்லை. டின்னைத் திறந்து வெள்ளைத் தூளைத் தாராளமாக அள்ளிப் போட்டார்.

"இவ்வளவு போடுறீங்களே, தாத்தா."

"அப்பச்சோடா தானே தங்கச்சி. இது இல்லாட்டி இந்த மா பொங்காது. உப்பு ஒரு கல்லும் போடல்ல, அல்லாஹ் அறிய."

அப்பத்தின் அடியில் நான் கண்ட மஞ்சள் புள்ளிகள் இந்தச் சோடாதான். உப்புப் போடவில்லை என்று அவர் சொன்னது உண்மை. அப்பச்சோடா விஷமும் அல்ல. கடலை அவிக்க நானும் ஒரு சிட்டிகை போட்டிருக்கிறேன். சுகமாக இருப்பவர்களை அந்த அளவு ஒன்றும் செய்யாது. ஆனால் உப்பில் எதற்குப் பயந்தோமோ அந்தச் சோடியம் இதிலும் நிறைய இருக்கிறது, கரிக்காமல். தினமும் தட்டு நிறைய அதைத்தான் அவருக்குப் பரிமாறியிருந்தேன்.

சொல்லாமல் இருக்க முடியாது; சொல்லவும் வாய் வரவில்லை. கடைசியில் சொன்னேன். தாத்தா அடுப்பைத் தணித்தார்.

"அப்ப நான் தான் அந்த மனிசனுக்கு..." என்றார். கலந்த மாவை அப்படியே கழுவும் தொட்டியில் கொட்டினார்.

மறுநாளிலிருந்து எங்கள் மாவையும் காலையிலேயே, ஈஸ்ட் போட்டு, தனிச் சட்டியில் புளிக்க வைத்தார். உப்பும் இல்லை, சோடாவும் இல்லை. என் கணவர் ஒரு வாய் தின்றுவிட்டு, பழைய ருசி இல்லையென்று தட்டைத் தள்ளினார்.

"இதையும் புடுங்கிட்டீங்களா ரெண்டு பேரும்?"

கீழே கேட்டிருக்கும். ஆனாலும் அப்பம் தினமும் வருகிறது. திருப்பி அனுப்ப முடியாததால் நான் தின்கிறேன்.

அடுத்த கிளினிக்கில் எடை இறங்கியிருந்தது. வார்ட் தேவையில்லை. இப்போதுதான் ஒழுங்காகக் கவனிக்கிறீர்கள் என்று டொக்டர் என்னைப் பாராட்டினார். மருந்துத் துண்டை வாங்கிக்கொண்டேன். வெளியே வந்து ஓட்டோவில் ஏறியதும், எங்கே என்று சாரதி கேட்டார். என் கணவர் முந்திக்கொண்டார்.

"வீட்டுக்குத்தான். வேற எங்க போக வுடுவாங்க?"