சொன்னதும் பார்த்ததும்

நர்ஸ் அக்காவுக்கு வார்டில் ஒரு பிடிவாதம் உண்டு. நோயாளி சொன்னதை அவர் வாய்வார்த்தையிலேயே எழுத வேண்டும். நாம் பார்த்ததையும் அளந்ததையும் தனியே எழுத வேண்டும். இரண்டையும் யாராவது கலந்துவிட்டால் அக்கா கடுகாய் வெடிப்பாள். "சோர்வா இருக்கார்னு எழுதியிருக்கியே, அது அவர் சொன்னதா, உன் கற்பனையா?"

வீட்டில் மட்டும் சொல்வதற்கு மதிப்பே கிடையாது. கணவர் தையல் மிஷின் பழுதுபார்ப்பவர். வலியை வர்ணிப்பதில் புலவர். முதுகில் உளி இறங்குகிறது, முழங்காலில் மிஷின் ஓடுகிறது என்பார், அதுவும் தொட்டியில் பாத்திரம் நிறைந்த நேரமாகப் பார்த்து. அவள் நாடி பிடிப்பாள், தெர்மாமீட்டர் வைப்பாள். "எல்லாம் நார்மல். எழுந்து போய்க் கழுவுங்க."

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் அவர் வயிற்றைப் பிடித்தபடி கட்டிலில் சுருண்டு கிடந்தார்.

"இன்னிக்கு என்ன, உளியா ரம்பமா?"

"வலிக்குது."

"எப்படி வலிக்குது?"

"வலிக்குதுடி."

நாடி சரி. காய்ச்சல் இல்லை. தொட்டியோ நிறைந்திருந்தது. தீர்ப்புச் சொல்ல வாயெடுத்தவள் அப்படியே நின்றாள். உவமை இல்லாமல் இந்த மனிதர் முனகி அவள் கேட்டதே இல்லை. கல்யாணமாகி முதல் தடவையாக, வார்டில் கேட்பதுபோல் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டாள்.

"எங்க ஆரம்பிச்சது?"

"தொப்புள்கிட்ட. இப்ப வலப்பக்கம் கீழே இறங்கிருச்சு."

"காலையிலேயே சொல்றதுக்கென்ன?"

"சொன்னேனே. நீ தெர்மாமீட்டரை வாயில வச்சிட்டே."

அடுத்த நிமிடம் ஆட்டோ. அவசரப் பிரிவில் அவளோடு நர்சிங் படித்த தோழிதான் டூட்டியில் இருந்தாள்.

"அண்ணே, என்ன பண்ணுது?"

"தொப்புள்ல ஆரம்பிச்சு…" என்று அக்கா முந்திக்கொண்டாள்.

"வயிறு யாருது? உன்னுதா, அவருதா?"

கணவர் மெல்லச் சொன்னார்: "காலையில ஒரு தடவை சொன்னேன். பாத்திரம் கழுவாம ஏய்க்கிறேன்னுட்டா. அப்புறம் பொறுத்துக்கிட்டேன்."

தோழி ஒரு சொல் விடாமல் எழுதினாள். சர்ஜன் வந்து அதை உரக்கப் படித்தார். அக்காவை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்தார். பிறகு வலப்பக்கம் அழுத்தி, கையைச் சட்டென எடுத்தார். கணவர் போட்ட அலறலில் பக்கத்துப் படுக்கைக்காரர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். ஸ்கேனும் அதையே சொன்னது: குடல்வால் வீங்கி, வெடிக்கக் காத்திருந்தது.

ஆபரேஷன் அறையின் கதவு மூடியது. கணவரின் சட்டையை மடியில் வைத்துக்கொண்டு அக்கா பெஞ்சில் உட்கார்ந்தாள். டூட்டி முடிந்த தோழி வந்து பக்கத்தில் அமர்ந்தாள்.

"ஏண்டி, அந்தப் பாத்திர வரியை மட்டும் அடிச்சிடேன்."

"நோயாளி சொன்னது. தொடமாட்டேன். பயமா இருக்கா?"

"எனக்கென்ன பயம்? தினம் பாக்குற ஆபரேஷன்."

தோழி அவள் மணிக்கட்டைப் பிடித்துக் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"நூத்திப் பதினாறு."

"தப்பா எண்ணியிருப்பே. மறுபடி எண்ணு."

மறுபடியும் எண்ணினாள். அதற்குப் பிறகும் கையை விடவில்லை, அக்காவும் இழுத்துக்கொள்ளவில்லை. கதவு திறந்து சர்ஜன் தலையை நீட்டினார்.

"வெடிக்கல. நல்லா இருக்கார்."

"எனக்குத் தெரியும் டாக்டர்" என்றபடி அக்கா எழுந்தாள். எழுந்த வேகத்திலேயே திரும்பவும் உட்கார்ந்தாள்.